பதிமூன்று பக்கம்

அத்தியாயம் 11

நாடகக் குழு தொடங்கலாம் என்று இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். சொந்தக்காரர்களைச் சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் அப்பாவை மட்டுமாவது விட்டுவிடுங்கள். அவர்தான் குழுவின் தலைவர் என்றால் என்னிடம் யோசனை கேட்டு வராதீர்கள். எனக்கே வழி தெரியவில்லை.

போன வாரம் வரை நடந்ததைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவில் ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் எங்கள் வீடு. அப்பா டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, யார் ஓட்டினாலும் தன் காலடியில் இன்னொரு பிரேக் வைத்திருப்பவர். மேடையில் எப்போதும் அவர்தான் கதாநாயகன். அண்ணன் எலக்ட்ரீஷியன், அதனால் லைட். அண்ணி மருந்துக்கடை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன், குழுவில் டைரக்டர். அதாவது யாரும் காதில் போட்டுக்கொள்ளாத ஒரு ஆள்.

அம்மா ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் பார்க்கும் தையல்காரி. இருபத்திரண்டு வருஷமாகத் திரைக்குப் பின்னால் ஸ்கிரிப்டோடு ஸ்டூலில் உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவள். அவள் இந்த வருஷம், அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு நாடகத்தையே எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். புருஷன், பெண்டாட்டி, இரண்டே பாத்திரம். மனைவியாக அவளே நடிக்கப்போவதாகவும் சொன்னாள்.

ஓட்டெடுப்பு வைத்தோம். ஐந்துக்கு நாலு என்று ஜெயித்தது. எங்கள் வீட்டு ஓட்டு ஐந்தில் ஒன்று ஆதரவாக விழவில்லை, வெளியாள் ஓட்டு ஒன்றால்தான் தப்பித்தோம் என்பது எல்லாருக்கும் தெரியும். யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. பிறகு தங்களுக்கு வேஷம் இல்லை என்று, ஆதரித்த அந்த ஆள் உட்பட மற்ற நாலு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒத்திகைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இன்றைக்கு சனிக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு, நாடக வாரம் நடத்துகிற மன்றத்தின் செயலாளர் வந்து நாடகத்தைப் பார்க்கிறார். அந்த வாரத்தில் இன்னும் யாருக்கும் கொடுக்காமல் மிச்சமிருப்பது ஒரே ஒரு நாள். அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அம்மாவின் நாடகம் மேடை ஏறும். இல்லையென்றால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் என்று ஒன்று எங்கள் குழுவுக்கு உண்டா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

காலை எட்டு மணிக்கு அப்பாவைப் பிடித்தேன். ஷூவுக்குள் காலை விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, ரெண்டாவது காட்சியை ஒரே ஒரு தடவை பார்த்துடலாம். இருபது நிமிஷம்தான்."

"எட்டரைக்கு ஸ்டூடண்ட் வராங்க."

"புதன்கிழமையும் இதையேதான் சொன்னீங்க."

"புதன்கிழமையும் ஸ்டூடண்ட் வந்தாங்க. அந்தக் காட்சியில எனக்கு என்ன வேலை? மொத்தமே நாலு வரி. மீதி நேரம் தூண் மாதிரி நிக்கணும். தூணுக்கு எதுக்கு ஒத்திகை?"

"நிக்கிறதுதான்ப்பா கஷ்டம். அவங்க பேசறதைக் கேக்கணும். கேக்கிற மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிறது இல்ல, நிஜமாவே கேக்கணும்."

"இருபத்திரண்டு வருஷமா மேடையில நிக்கிறேன். நீ எனக்கு நிக்கக் கத்துக்குடுக்கிறியா?"

கதவு சாத்திக்கொண்டது. வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி ஒரு பேண்ட்டின் கால் மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை. மிஷின் மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடியது.

நடிகர்களுக்கு நான் சொல்வதெல்லாம் ஒன்றுதான். உங்கள் வரி எப்போது வரும் என்று காத்துக்கொண்டு நிற்காதீர்கள். எதிரே நிற்கிறவர் பேசுவதைக் கேளுங்கள். கேட்டாலே முகம் தானாக நடிக்கும். இதை அப்பாவிடம் பதினைந்து தடவையாவது சொல்லியிருப்பேன். அவர் பதினைந்து தடவையும் தன் வரி எப்போது வரும் என்றுதான் காத்திருந்தார்.

அந்த இரண்டாவது காட்சிதான் அம்மாவின் நாடகத்துக்கு உயிர். பதினைந்தாம் பக்கத்திலிருந்து இருபத்தேழாம் பக்கம் வரை, பதிமூன்று பக்கம். கல்யாணமான புதிதில் மனைவி வானொலியில் செய்தி வாசிக்க விண்ணப்பம் போட்டிருப்பாள். பதில் கடிதம் வரும். புருஷன்தான் பிரித்துப் படித்துக் காட்டுவான், உன் குரல் சரியில்லை என்று எழுதியிருக்கிறார்கள் என்பான். அத்தோடு அவள் அந்த ஆசையை விட்டுவிடுவாள். எத்தனையோ வருஷம் கழித்து அந்தக் கடிதம் கையில் கிடைக்கும். எடுத்துப் பார்த்தால், அவளை வேலைக்கு வரச்சொல்லி எழுதியிருக்கும். அதை வைத்துக்கொண்டு அவள் பேசுகிற பேச்சுதான் அந்தப் பதிமூன்று பக்கமும்.

இவ்வளவு கற்பனை அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் ஆச்சரியப்பட்டதுண்டு. பத்தடி தூரத்தில் இருக்கிற எழுத்தை ஊரில் இருப்பவர்களை எல்லாம் படிக்க வைப்பது என் வேலை. வீட்டுக்குள் எழுதி வைத்திருந்ததை நான் படிக்கவில்லை.

மன்றத்து ஹால் மாடியில் இருக்கிறது. கீழே நூலகம், அதனால் சத்தமாக ஆணி அடிக்கக் கூடாது. மூன்று மணிக்கே போய் நாற்காலிகளை எல்லாம் சுவரோரம் அடுக்கினோம். மேடைத் தரையில் எங்கே யார் நிற்க வேண்டும் என்று நான் வெள்ளை டேப் ஒட்டினேன். அண்ணன் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் டிம்மர் பெட்டியைத் தூக்கிவந்து ஜன்னலோரம் வைத்து ஒயர்களைப் பிரித்தான். எங்கள் செட்டில் ஒரு கதவு உண்டு. எத்தனை தடவை இழைத்தும் சாத்தினால் சாத்தாது, திறந்தால் திறக்காது.

அம்மாவின் ஸ்டூலில் இன்றைக்கு அண்ணி.

"அத்தை, எப்ப எடுத்துக் குடுக்கணும்? பேப்பரையே பார்த்துட்டு உக்காரணுமா?"

"அவங்களைப் பாரு, பேப்பரைப் பார்க்காதே. வரி உனக்கு மனப்பாடமா இருக்கணும். முழு வரியையும் சொல்லாதே, முதல் ரெண்டு வார்த்தை போதும். சொல்லிட்டு உடனே வாயை மூடிக்கோ."

"சத்தமாவா?"

"அவங்களுக்குக் கேக்கணும். முன்வரிசைக்குக் கேக்கக் கூடாது. பழகிடும்."

மூன்று ஐம்பதுக்கு அப்பா வந்தார். நாலுக்குச் செயலாளர் வந்தார். வழுக்கைத் தலை, கையில் படிவம், மணிக்கட்டில் பெரிய கடிகாரம். முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தோம். அவர் அதைத் தானே தூக்கிக்கொண்டு போய் ஹாலின் கடைசியில், சுவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் எப்பவும் இங்கேதான். நாடகத்துக்குப் பேர் என்னம்மா?"

"இன்னும் வைக்கலைங்க" என்றாள் அம்மா.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். எழுதுகிறவர்களே, நாடகம் எழுதுவதற்கு முன்பாகவாவது, எழுதிய பிறகாவது, படிவம் வருவதற்குள்ளாவது ஒரு பெயரை வைத்துத் தொலையுங்கள்.

இந்த இடத்தில் என் தப்பையும் சொல்லிவிட வேண்டும். ஆறு வாரம் ஒத்திகை பார்த்திருக்கிறோம். ஒரு நாள்கூட முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் பார்த்ததில்லை. எல்லாருக்கும் வேலை இருக்கிறது. செவ்வாய் முதல் காட்சி, வெள்ளி மூன்றாம் காட்சி என்று துண்டு துண்டாகத்தான் நடக்கும். இரண்டாம் காட்சியை அம்மா பெரும்பாலும் ஒரு காலி நாற்காலியோடுதான் ஒத்திகை பார்த்தாள். மூன்று துண்டும் நன்றாகத்தான் இருந்தது. சேர்த்துத் தைத்துப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டோம்.

முதல் காட்சி நன்றாகப் போனது. அப்பா வழக்கம் போல இரண்டு வரியைத் தன் சொந்தச் சரக்காகச் சேர்த்தார். அம்மா அதைக் கவனிக்காதது போலத் தாண்டிப் போனாள். அண்ணி ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. பரவாயில்லையே என்று நான் மூச்சு விட்டேன்.

பதினாலாம் பக்கத்தின் கடைசி வரி அம்மாவுடையது.

"விளக்கைப் போடட்டுமா?"

"வேண்டாம், இருக்கட்டும்" என்பது அப்பாவின் பதில். அந்த அரை வெளிச்சத்தில் அம்மா கடிதத்தை எடுப்பாள், இரண்டாம் காட்சி தொடங்கும்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். நிதானமாகச் சொன்னார்.

"போடு. மணி ஆறாயிடுச்சு."

நான் அவசரமாக ஸ்கிரிப்டைப் புரட்டினேன்.

அது இருபத்தெட்டாம் பக்கம். மூன்றாம் காட்சியின் தொடக்கத்திலும் மனைவி அதே கேள்வியைத்தான் கேட்பாள். அப்போது புருஷன் சொல்ல வேண்டிய பதில் அது. ஒரே கேள்வியை இரண்டு இடத்தில் எழுதிவைத்தது அம்மாவின் தப்பு. துண்டு துண்டாகப் பார்த்ததால் அது கண்ணில் படாமல் போனது என் தப்பு.

'போடு' என்ற வார்த்தையைக் கேட்டால் சாயங்கால லைட்டை ஏற்ற வேண்டும் என்று அண்ணனுக்குச் சொல்லியிருந்தேன். ஆறு வாரமாகப் பழகிய கை. ஏற்றிவிட்டான். மேடை முழுக்க மஞ்சள் வெளிச்சம். திரைக்குப் பின்னால் அண்ணி சடசடவென்று பக்கங்களைப் புரட்டுகிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது.

கடிதத்தை எடுக்கப் போன கையை அம்மா இழுத்துக்கொண்டாள். அவள் நினைத்திருந்தால் பழைய இடத்துக்கே இழுத்திருக்கலாம். எத்தனை பேரை அப்படித் திரைக்குப் பின்னாலிருந்து இழுத்துக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். ஆனால் மேடையில் ஒருவர் தடுக்கினால் தாங்கிப் பிடிப்பதுதான் அவளுக்குப் பழக்கம். அவள் மூன்றாம் காட்சியின் அடுத்த வரியைச் சொன்னாள். அப்பா அதற்கடுத்த வரியைச் சொன்னார். நாடகம் வழுக்கிக்கொண்டு போய் முடிந்தே போனது.

செயலாளர் கைதட்டினார். தனி ஆளாகக் கைதட்டியதால் பட் பட் என்று கேட்டது.

"கச்சிதமா இருக்கு. ஐம்பதே நிமிஷம்! எழுபத்தஞ்சு வரைக்கும் அனுமதி உண்டு, ஆனா ஐம்பதுன்னா எங்களுக்கு நிம்மதி. போன தடவை ஒரு குழு ரெண்டரை மணி நேரம் போட்டாங்க. வாட்ச்மேன் பூட்டும் சாவியுமா மேடையிலேயே வந்து நின்னுட்டார். ஜனங்க அவரையும் ஒரு பாத்திரம்னு நினைச்சாங்க." பேனாவைத் திறந்தார். "இப்படியே போடுங்க. ஒண்ணையும் மாத்தாதீங்க."

அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நான்தான் சொன்னேனே. நறுக்குனு இருக்கணும்."

நான் மேடைக்கு ஓடினேன்.

"அப்பா, பதிமூணு பக்கம் தாண்டிட்டீங்க!"

"ரெண்டு இடத்துலயும் ஒரே கேள்வியை எழுதி வெச்சா நான் என்ன பண்றது? எழுதினவங்களைக் கேளு."

"சரி, மறந்துட்டீங்க. அவர்கிட்ட சொல்லிட்டு..."

"எதுக்குச் சொல்லணும்? பிடிச்சிருக்குங்கிறார். கையெழுத்துப் போடறார். கெடுத்துத் தொலைக்காதே."

அம்மா இன்னும் வெள்ளை டேப்பின் மேல்தான் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"மறக்கலை."

"என்னம்மா?"

"மறந்தா அவர் கண்ணு மேல போகும். ஃபேனைப் பார்ப்பார். எத்தனை வருஷமாப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? இன்னைக்கு அவர் ஃபேனைப் பார்க்கலை. என்னைத்தான் பார்த்தார்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சாத்தாத கதவைப் பிடுங்கி யார் தலையிலாவது போட்டிருப்பேன். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். ஒரு மனிதர் இருபது நிமிஷம் தன் பெண்டாட்டி பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டேன் என்கிறார். அதற்காக ஒரு நாடகத்தையே நடுவில் வெட்டுகிறார்!

அம்மா மேடை ஓரத்துக்கு வந்தாள்.

"ஐயா, கையெழுத்துப் போடாதீங்க. நாடகம் இன்னும் முடியலை. நடுவுல பதிமூணு பக்கம் பாக்கி இருக்கு."

செயலாளர் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார். "இதுவே நல்லாத்தானேம்மா இருக்கு?"

"அதையும் பார்த்துட்டுச் சொல்லுங்க. இருபது நிமிஷம்."

"இந்தா, அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்றார் அப்பா.

"எனக்கு வேலை இல்லைங்க" என்றார் செயலாளர் அப்பாவியாக. "வீட்டுக்குப் போனாலும் டிவிதான்."

அண்ணன் யாரும் சொல்லாமலே மஞ்சள் வெளிச்சத்தை இறக்கினான். அப்பாவுக்கு வேறு வழியில்லை. ஒரு வெளியாள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மேடையை விட்டு இறங்குகிறவர் அவர் இல்லை. போய் நின்றார்.

அம்மா தொடங்கினாள்.

"அந்தக் கடிதத்தை நீங்க எனக்குப் படிச்சுக் காட்டினீங்க. நான் வாங்கிப் பார்க்கலை. நீங்க படிச்சா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

அப்பா கைகளைக் கட்டினார். அவிழ்த்தார். மறுபடி கட்டினார்.

"என் குரல் தகரத்தைத் தட்டற மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கிறதாச் சொன்னீங்க. அதுக்கப்புறம் நான் பிள்ளைங்களைக்கூடக் கத்திக் கூப்பிட்டதில்லை. பக்கத்துல போய்த் தோளைத் தொட்டுத்தான் கூப்பிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வரியை இருபது தடவை படித்திருக்கிறேன். எங்கே நிற்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று பென்சிலால் குறித்திருக்கிறேன். ஆனால் எங்கள் அம்மாவும் எங்களைக் கத்திக் கூப்பிட்டதே இல்லை என்பது இப்போதுதான் என் மண்டைக்குள் ஏறியது. பள்ளிக்கூட வாசலில், கடைத்தெருவில், வீட்டில், எங்கேயுமே இல்லை. பக்கத்தில் வந்து தோளைத் தொடுவாள். டிம்மர் பெட்டி பக்கம் திரும்பிப் பார்த்தேன். அண்ணனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொய்யைச் சொன்னவங்க மறந்துடலாம். நம்பினவங்க தினமும் அதுக்குள்ளேயேதான் குடியிருக்கணும்" என்று அம்மா அடுத்த வரிக்குப் போனாள்.

"நான் மட்டுமா சொன்னேன்?"

அப்பாதான். குரல் வெடித்துக்கொண்டு வந்தது.

"குழுவுல எல்லாரும்தான் சொன்னாங்க! கடைசி வரிசைக்குக் கேக்கலைன்னு அவங்கதான் சொன்னாங்க, நான் வந்து உன்கிட்ட சொன்னேன். அவ்வளவுதானே?"

திரைக்குப் பின்னால் பக்கம் புரளும் சத்தம். பிறகு அண்ணியின் பரிதாபமான குரல். "மாமா, இந்த வரி எங்கே இருக்கு?"

எங்கேயும் இல்லை. அம்மாவின் நாடகத்தில் குழு கிடையாது. கடைசி வரிசை கிடையாது. வானொலியும் கடிதமும்தான் உண்டு.

கற்பனை என்று நான் வியந்த சமாசாரம் அந்த நிமிஷத்தில் எனக்கு விளங்கியது. எங்கள் குழுவின் முதல் நாடகத்தில் அம்மா நடிக்க இருந்தாள் என்று வீட்டில் எப்போதோ ஒரு பேச்சு வந்ததுண்டு. "அவளுக்குத்தான் மேடைன்னாலே பயமாச்சே" என்று அப்பா சிரிப்பார். அம்மாவும் சிரித்துவைப்பாள். அந்தச் சிரிப்பை நாங்களும் நம்பி வளர்ந்தோம்.

அம்மா பாத்திரத்தை விட்டு வெளியே வந்தாளா, உள்ளேயேதான் இருந்தாளா, எனக்குத் தெரியாது. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"யார் யார் சொன்னாங்க? பேரைச் சொல்லுங்க."

அப்பா வாயைத் திறந்தார். கண் மேலே போனது. ஃபேனைப் பார்த்தார்.

"அப்ப குழுவுல உங்களைத் தவிர ஆறு பேர். நாலு பேரைப் போன வருஷம் நானே தேடிப் போய்ப் பார்த்தேன். நாலு பேரும் ஒண்ணையேதான் கேட்டாங்க. 'ஒத்திகையில அவ்வளவு நல்லாப் பண்ணினியே, ஏன்மா விட்டுட்டே, வீட்டுக்காரர் உனக்கு மேடை பயம்னு சொன்னாரே'ன்னு. அவங்ககிட்ட அதைச் சொன்னீங்க. என்கிட்ட குரல் கேக்கலைன்னு சொன்னீங்க."



அப்பா அந்தக் கதவைத் தள்ளினார். அது திறக்கவில்லை. இன்னொரு தடவை தள்ளினார். பிறகு கதவைச் சுற்றிக்கொண்டு, மேடைப் படியில் இறங்கி, எங்கள் யாரையும் பார்க்காமல் ஹாலைத் தாண்டி வெளியே போனார். மாடிப்படியில் அவர் ஷூ சத்தம் கேட்டது.

அம்மா மூச்சை இழுத்துக்கொண்டாள். விட்ட இடத்திலிருந்து, அவர் நின்ற டேப்பைப் பார்த்து, மிச்சமிருந்த பக்கங்களையும் ஒரு வார்த்தை விடாமல் பேசி முடித்தாள். நான் டைரக்டர் என்பதையே மறந்துபோய் அழுதுகொண்டிருந்தேன். அதற்காக வெட்கப்படவில்லை.

செயலாளர் எழுந்து மேடைக்கு அருகே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை எப்படிம்மா விட்டீங்க? இதுதானே நாடகமே! அதுலயும் அந்த 'பேரைச் சொல்லுங்க'ன்னு கேக்கிற இடம் இருக்கே, பிரமாதம். சாரும் என்னமா நடிச்சார், பாவம், நிஜமாவே மாட்டிக்கிட்டவர் மாதிரி. அந்த இடத்தை மட்டும் மாத்திடாதீங்க."

"அது ஸ்கிரிப்ட்ல இல்லைங்க" என்றாள் அம்மா.

"அப்ப சேர்த்துடுங்க."

படிவத்தை என் கையில் கொடுத்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் நாடகத்தின் பெயர், நடிப்பவர்கள் பெயர் எல்லாம் எழுதிக் கொண்டுவந்தால் அங்கேயே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். வர முடியாவிட்டால் அந்த நாளை இன்னொரு குழுவுக்குக் கொடுத்துவிடுவாராம். சார் கீழே இருந்தால் தன் பாராட்டைச் சொல்லிவிட்டுப் போவதாகவும் சொன்னார். நான் அவசரமாக, "அவர் கிளம்பிட்டாருங்க" என்று பொய் சொன்னேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கார் கீழேதான் நின்றது. அப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார்.

செயலாளர் போனதும் நாங்கள் நாலு பேரும் மேடை ஓரத்தில் உட்கார்ந்தோம். அண்ணி எழுந்து போய் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா முழுவதையும் குடித்தாள்.

"ஏம்மா எங்ககிட்ட சொல்லலை?" என்றேன்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? அவர்கூடச் சண்டை போட்டிருப்பே. ரெண்டு நாள் வீட்டுல யாரும் பேசியிருக்க மாட்டீங்க. மூணாவது நாள் சரியாப் போயிருக்கும். எனக்கு அது சரியாப் போகக் கூடாது. அவர் நின்னு கேக்கணும்."

"சரி, இப்ப புருஷன் வேஷத்துக்கு யாரு? பதினாறு நாள்தான் இருக்கு." எனக்கு அழுகை போய் மறுபடியும் எரிச்சல் வந்துவிட்டது. "போனவங்க நாலு பேரும் கூப்பிட்டா வர மாட்டாங்க. வந்தாலும் ஆளுக்கொரு வேஷம் கேப்பாங்க."

அண்ணன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். வீட்டில் அவன் பேசி யாரும் கேட்டதில்லை, அப்பா பேசியது போக நேரம் மிஞ்சினால்தானே.

"நான் நிக்கிறேன்மா" என்றான்.

"நீயா?"

"பேசறது வருமான்னு தெரியலை. நின்னு கேக்க வரும்."

அம்மா சரி என்று தலையாட்டினாள்.

"அப்ப லைட்டு யார் போடறது?" என்றேன். யாராவது இதையெல்லாம் யோசிக்க வேண்டாமா?

"நான் போடறேன்" என்றாள் அண்ணி. "அந்த ஸ்டூல்ல இனிமே என்னால உக்கார முடியாது. எனக்குப் படபடப்பே வந்துடும் போலிருக்கு."

"அப்ப எடுத்துக் குடுக்கறது? முதல் காட்சியிலயும் மூணாவதுலயும் அண்ணாவுக்கு நூத்துச் சொச்சம் வரி இருக்கு. பதினாறு நாள்ல மனப்பாடம் ஆகாது. ஸ்கிரிப்ட் முழுக்கத் தெரிஞ்ச ஆள் பின்னாடி உக்காரலைன்னா மொத்தமும் கவிழ்ந்துடும். அப்படி யார் இருக்காங்க?"

அம்மா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"எந்த வரியில தாண்டினா எங்கே போய் விழலாம்னு கணக்காத் தெரிஞ்சவருக்கு எல்லா வரியும் தெரியும்" என்றாள்.

"அப்பாவா? அந்த ஸ்டூல்லயா? அம்மா, அவர் வருவாரா?"

அம்மா நேரே ஜன்னலுக்குப் போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து கத்தினாள்.

"ஏங்க! திங்கட்கிழமையிலேருந்து திரைக்குப் பின்னாடி உக்காரணும்! ஸ்கிரிப்டை எடுத்துக்கிட்டு வந்துடுங்க!"

எதிர்ப்பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் ஸ்பானரும் கையுமாக வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். நூலகத்திலிருந்து இரண்டு பேர் வாசலுக்கு வந்தார்கள். காருக்குள்ளிருந்து பதில் வரவில்லை.

கார் கிளம்பவும் இல்லை.